ஜாபஸ் அங்கிளின் இரண்டாவது விசில்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் ஜாபஸ் அங்கிள், நாற்பத்து மூன்றாவது வயதில் பள்ளிக்கூடக் கூடைப்பந்து நடுவர் ஆனார். சின்ன வயதிலிருந்து கனவு கண்டு ஆனவர் இல்லை. மகள் ஆடுகிற மைதானத்துக்குள் அவர் வரக் கூடாது என்று தடை விழுந்தது. தடை போட்டது மகளேதான். திரும்ப உள்ளே போக அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் நகரப் பேருந்தில் கண்டக்டர். பதினேழு வருட சர்வீஸ். மகள் ரெனிதா பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள். போன வருடம் அம்பத்தூரில் குறுவட்டப் போட்டி நடந்தபோது, காலை ஷிப்ட் முடித்த கையோடு காக்கிச் சட்டையிலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆட்டம் முழுக்க நடுவருக்கு அவர் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். "ரெஃப்ரி, கண்ண ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா நைனா?" என்பதுதான் அதில் மரியாதையானது.

கடைசி ஆறு வினாடி. ரெனிதாவின் பள்ளி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ரெனிதா பந்தோடு எல்லாரையும் தாண்டி வந்துவிட்டாள். அவளுக்கும் கூடைக்கும் நடுவில் யாரும் இல்லை. அப்போது எதிரணிப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து அவள் பனியனைப் பிடித்து இழுத்தாள். நடுவர் பார்க்கவில்லை. ஜாபஸ் அங்கிள் பார்த்துவிட்டார்.

"ஏய், இஸ்துட்டாமா!" என்று கத்தினார். அதற்குள் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. விசில் வாய்க்கு வந்தது. நீளமாக ஒரு விசில்.

பத்துப் பெண்களும் நின்றுவிட்டார்கள். ரெனிதாவும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்தாள். நிஜ நடுவர், தான்தான் ஊதிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் தன் விசிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மைதானம் மொத்தமும் காக்கிச் சட்டையைப் பார்த்தது. பந்தை ஓரக் கோட்டிலிருந்து போடச் சொன்னார்கள். போட்ட பந்தை வாங்கிக் கூடைக்குக் குறி வைப்பதற்குள் நேரம் முடிந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

எல்லாரும் அவரைப் பார்த்தபோது நான் பெஞ்சில் இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். எதற்காகத் தள்ளி உட்கார்ந்தேன் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று வீட்டில் ரெனிதா அழவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், பிறகு சொன்னாள்: "இனிமே என் மேட்ச்சுக்கு நீ வராதப்பா."

"சரிம்மா" என்றார். இப்படிச் சட்டென்று அவர் எதற்கும் சரி சொன்னதில்லை என்று ஞானகுமாரி ஆன்ட்டி பிறகு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு மகள் அப்பாவிடம் பேசாமல் இல்லை. பரீட்சை, பால் பாக்கெட், சர்ச்சில் யார் என்ன புடவை, எல்லாம் பேசினாள். கூடைப்பந்து என்றதும் மட்டும் எழுந்து போய்விடுவாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் ஜெயித்த ஆட்டங்களின் ஸ்கோரைக்கூட மாடிப்படி ஏறி வந்து என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் விளையாட்டு ஆசிரியை சாமுண்டீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆசிரியைக்குத் தோற்ற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. "விசில் ஊதணும்னு அவ்ளோ ஆசையா இருந்தா, ரெஃப்ரி எக்ஸாம் எழுதி பாஸ் பண்ணி ஊதுங்க சார். யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார்.

அது கிண்டல். அங்கிள் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே கைப்பேசியில் விதிப் புத்தகத்தோடு மேலே வந்தார். "ரோஷினிமா, ரெஃப்ரிய யார்னா கிரவுண்ட வுட்டு வெளிய போவ சொல்ல முடியுமா?"

"முடியாது அங்கிள். அவர்தான் மத்தவங்கள போகச் சொல்லுவாரு."

"அவ்ளோதான். இத்த தமிழ்ல சொல்லு."

எங்கள் தெருவில் வருகிற ஆங்கிலத் தாள் எதுவானாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். ஸ்கேன் ரிப்போர்ட், கரண்டு ஆபீஸ் நோட்டீஸ், வாஷிங்மெஷின் கேரண்டி கார்டு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கணிதம். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதை வைத்து நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இந்தப் புத்தகத்தைத் தமிழில் சொன்னதுதான்.

அவருக்கு எல்லாமே பஸ் வழியாகத்தான் புரிந்தது. தடுக்கும் ஆள் முதலில் வந்து நின்ற இடம் அவருக்குச் சொந்தம், ஓடி வருகிறவர் அவர்மேல் மோதினால் மோதியவர் பக்கம் தவறு என்று ஒரு விதி. நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"கர்சீப் போட்டா?"

"என்னது?"

"ஆவடி டெப்போல ஜன்னல் வயியா சீட்ல கர்சீப் போடுவானுங்களே. அத்த மாதிரி கைய மட்டும் நீட்டி இடம் புட்ச்சா?"

"கை நீட்டினா செல்லாது அங்கிள். உடம்பு வந்து நிக்கணும்."

"பதினேழு வருஷமா நானும் அத்தத்தாம்மா சொல்லிகினு கீறேன்!" என்று தொடையில் தட்டினார். கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "படிகிட்ட கும்பல் போடாத, உள்ள போ. அதானே?"

பிறகு சைகைகள். தவறு என்றால் முஷ்டியை உயர்த்த வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் நடந்தால் இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழற்ற வேண்டும். இவற்றை அவர் வேலை நேரத்திலேயே பழகினார். வானகரம் போகுமா என்று கேட்ட ஒரு பெரியவருக்கு, கூடை செல்லாது என்கிற சைகையைக் காட்ட, அவர் பயந்துபோய் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாராம். வீட்டில் ஞானகுமாரி ஆன்ட்டி குழம்பு ஊற்றியதும் கரண்டியை வைத்துவிட்டு, ஏதோ நினைத்துத் திரும்ப எடுத்திருக்கிறார். நின்ற பிறகு மறுபடியும் பந்தைத் தட்டக் கூடாது என்கிற விதிப்படி அங்கிள் விசில் ஊதினார்.

"இன்னொரு வாட்டி ஊது, ராத்திரிக்கு சோறு கெடையாது" என்றார் ஆன்ட்டி.

"நடுவர எதுத்துப் பேசுனா டெக்னிக்கல் ஃபவுல்."

"அந்த ஃபவுலயே துன்னு."

எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறினார். 'ஆட்டக்காரர் நடுவரிடம் தகாத வார்த்தை பேசினால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: 'முதல் தடவை காதில் விழாத மாதிரி இருப்பேன். இரண்டாவது தடவை எச்சரிப்பேன். மூன்றாவது தடவை இறக்கி விடுவேன்.' தேர்வாளர் சுப்பராயன் 'இறக்கி' என்ற சொல்லை மட்டும் அடித்து 'வெளியேற்றி' என்று திருத்திவிட்டு முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

மிச்சம் செய்முறைத் தேர்வு. ஆவடியில் ஒரு பள்ளி மைதானத்தில், சனிக்கிழமை காலை, சிவப்புச் சட்டைப் பையன்களுக்கும் பச்சைச் சட்டைப் பையன்களுக்கும் ஆட்டம். தேர்வு எழுதுகிறவர் ஊத வேண்டும். சுப்பராயன் மேசையில் உட்கார்ந்து பார்ப்பார். இதில் தவறினால் அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்துத்தான். அதற்குள் ரெனிதா பள்ளியையே முடித்துவிடுவாள்.

ஸ்கோர் போர்டில் எண்களைத் திருப்ப நாலு மாணவிகளை அனுப்பும்படி சாமுண்டீஸ்வரியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அனுப்பிய நாலு பேரில் ரெனிதாவும் ஒருத்தி. அப்பா சாம்பல் நிறச் சட்டையில் மைதானத்துக்குள் வந்ததைப் பார்த்ததும், எண் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கும் முன்பே ஸ்கோர் பதினேழு என்று தெரிந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவது நிமிடத்தில் பச்சைப் பையன் ஒருவன் கையில் தட்டினான். அங்கிள் ஒரு விசில். எல்லாரும் நின்றார்கள். முஷ்டி உயர்ந்தது, எண்ணைச் சொன்னார், சைகை காட்டினார். சுப்பராயன் தலையாட்டினார். அங்கிள் ஓரக் கோட்டில் நின்ற சிவப்புப் பையனிடம் பந்தைக் கொடுத்தார். மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார். எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

பீப் பீப்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். கூடைப்பந்தில் எத்தனை விசில் என்றாலும் நிற்கத்தான் வேண்டும். பந்தை வீசப்போன பையன் நின்றுவிட்டான்.

"இன்னா, போடு" என்றார் அங்கிள்.

"விசில் அடிச்சீங்களே சார்?"

"அது கெளம்புறதுக்கு."

பையன் பந்தை வீசினான். சிவப்பு ஓடியது, பச்சை ஓடியது, சிவப்புப் பையனின் கால் கோட்டுக்கு வெளியே போனது. அங்கிள் சரியாகப் பார்த்து ஊதினார். பந்தைப் பச்சைக்குக் கொடுத்தார். பீப் பீப். மறுபடியும் எல்லாரும் நின்றார்கள்.

ஐந்தாவது தடவையில் பையன்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். ஆறாவது தடவை பீப் பீப் வந்ததும் மைதானத்தைச் சுற்றி இருந்த மொத்தக் கூட்டமும் சேர்ந்து, "போலாம் ரை...ட்!" என்றது. பச்சை அணியில் ஒருவன் மேலே இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது போல நின்றான். இன்னொருவன், "அண்ணாத்தே, பூந்தமல்லி ஒண்ணு குடு" என்றான். அங்கிளின் கை அவரை அறியாமல் இடுப்பில் பையைத் தேடியது.

ரெனிதா இப்போது இரண்டு அட்டைகளால் முகத்தை மூடியிருந்தாள்.

இடைவேளையில் சுப்பராயன் அங்கிளைக் கூப்பிட்டார். சுப்பராயன் ஓய்வு பெற்றவர். சிரித்துப் பழக்கமில்லாத முகம். "ஜாபஸ், உங்க தீர்ப்பு ஒண்ணுகூடத் தப்பு இல்ல. ஆனா முதல் பாதியில பதினொரு தடவ ஆட்டத்த வீணா நிறுத்தியிருக்கீங்க. இன்னும் ஒரே ஒரு தடவ அந்த ரெட்ட விசில் கேட்டுச்சுன்னா, ஃபெயில். வேற வழியில்ல."

அங்கிள் தண்ணீர்த் தொட்டி அருகே வந்து உட்கார்ந்தார். "வுட்ரலாம்னு பாக்குறேம்மா" என்றார் என்னிடம். "வாய் தானா ஊதிடுது. எல்லாரும் ஏறிட்டாங்கன்னு தெரிஞ்சதும் பின்னால ஒருத்தன் தட்டி வுட்டா மாதிரி வந்துடுது."

நான் கணிதம் படித்தவள். பழக்கம் மாற எத்தனை நாள் ஆகும் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எங்களிடம் பத்து நிமிடம் இருந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தால் அடுத்த ஃபவுலுக்குத் திரும்ப வாய்க்கு வர நேரம் ஆகும் என்றார். அதுவும் சரிதான்.

அப்போது ரெனிதா வந்தாள். கையில் இன்னும் அட்டை இருந்தது. "ஏம்ப்பா, ஊர்ல இவ்ளோ கிரவுண்டு இருக்கச்சொல்ல இங்கதான் உனக்கு எக்ஸாமா? மானமே போச்சு."

"நீ வருவன்னு சத்தியமா தெரியாதும்மா."

"விசில் தொலைஞ்சு போன அன்னிக்கு வண்டிய எப்பிடி எடுப்ப?"

"தகரத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு ரைட்டுன்னுவேன்."

"அதையே சொல்லித் தொல." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போர்டுக்குப் போய்விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு கூடைப்பந்தைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அங்கிள் என்னைப் பார்த்தார். தேர்வில் தேறியது போல முகம் இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியது. முதல் ஃபவுல். ஒரு விசில். முஷ்டி, எண், சைகை. பந்தைப் பையனிடம் கொடுத்தார். எல்லாரும் அவரவர் இடத்தில். அவர் கன்னம் உப்பியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கன்னம் வற்றியது. விசில் பல்லுக்கிடையில் இருக்க, தொடையில் பட் பட் என்று இரண்டு தட்டினார்.

"ரைட்!"

பந்து உள்ளே போனது. ஆட்டம் ஓடியது. கூட்டம் கைதட்டியது. சுப்பராயன் பேனாவை மூடிவிட்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் பட் பட், ரைட். பட் பட், ரைட். கடைசிக் கட்டத்தில் பையன்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து ஓடினார்கள். சுப்பராயன் ஆட்டம் முடியும்வரை பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"தேடிப் பாத்துட்டேன்" என்றார் கடைசியில். "நடுவர் ரைட் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் போடல. தொடையத் தட்டக் கூடாதுன்னும் போடல. அடுத்த பதிப்புல போடச் சொல்லி எழுதப்போறேன். அதுவரைக்கும் பாஸ்."

அந்த இடத்திலேயே நடுவர் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவத்தை நீட்டினார்கள். அங்கிள் வாங்கின வேகத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஞானகுமாரி ஆன்ட்டி கேசரி கிண்டினார். கேசரி சாப்பிட்டுக்கொண்டே நான் நகலைப் படித்தேன். நாலாவது பத்தியில் நிறுத்தினேன்.

"அங்கிள், நெருங்கிய சொந்தக்காரங்க ஆடுற மேட்ச்ல நீங்க நடுவரா இருக்கக் கூடாதாம்."

அவர் ஸ்பூனை வைத்தார். "இன்னாது?"

"அஞ்சாவதும் இருக்கு. பட்டியல்ல இருக்கிற நடுவர் வேற மேட்ச்சுக்குப் பார்க்க வந்தா, நடுவர் தீர்ப்பப் பத்தி வாயாலயோ சைகையாலயோ எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது. சொன்னா பேரு நீக்கப்படும்."

"இத்த முன்னாடியே சொல்லக்கூடாதாமா?"

"நீங்க முன்னாடியே கையெழுத்து போட்டுட்டீங்க."

"அப்ப நான் இன்னாத்துக்கு பாஸ் பண்ணேன்? ஊதவும் முடியாது, கத்தவும் முடியாது. இதுக்கு நான் கண்டக்டராவே இருந்திருப்பேனே!"

"இப்பயும் கண்டக்டராதான் கீற" என்றார் ஆன்ட்டி.

உள்ளறையிலிருந்து ரெனிதா வந்தாள். என் கையிலிருந்து தாளை வாங்கினாள். "அஞ்சாவத இன்னொரு வாட்டி படிக்கா." படித்தேன். கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். "கத்தக் கூடாதா?"

"கூடாது."

"கைய ஆட்டக் கூடாதா?"

"சைகையும் கூடாதுன்னு போட்டிருக்கு."

"தலைய?"

"அதுவும் சைகைதான்."

அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நெஜமாவே கையெழுத்து போட்டியா?"

"மூணு எடத்துல" என்றார் பாவமாக.

"அப்ப வர்ற சனிக்கெழம வானகரத்துல மேட்ச். வா."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கேசரித் தட்டோடு எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை, திரும்ப உட்கார்ந்தார்.

வானகரத்தில் அவர் பட்ட பாட்டை நான் முழுசாகப் பார்த்தேன். இந்தத் தடவை நான் தள்ளி உட்காரவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, உதட்டை மடித்துக் கடித்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. ஒவ்வொரு ஃபவுலுக்கும் மூக்கால் மட்டும் ஒரு சத்தம் வந்தது. அது கருத்தில் சேருமா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். சேராது என்று நானும் கண்ணால்தான் சொன்னேன்.

கடைசி நிமிடத்தில் இரண்டு பள்ளிகளும் சமமாக இருந்தன. ரெனிதா பந்தைக் கையில் எடுத்து, கூடையை நோக்கிப் பாய்ந்து போட்டாள். விழுந்தது. எங்கள் பக்கம் எல்லாரும் எழுந்து குதித்தார்கள். அங்கிள் மட்டும் அசையவில்லை. அவர் கண் இன்னும் தரையில், ரெனிதாவின் கால் பதிந்த இடத்திலேயே இருந்தது.

அவருக்கு அந்தப் பக்கம் எதிரணிப் பெண்ணின் அப்பா, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, "ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ் சார் அது! பந்த வச்சிக்கிட்டு நடந்துட்டா!" என்று கத்தினார். நடுவர் கண்டுகொள்ளவில்லை. அந்த அப்பா அங்கிளைப் பிடித்து உலுக்கினார். "நீங்க ரெஃப்ரின்னு சொன்னாங்களே, நீங்களே சொல்லுங்க சார். நீங்க பாத்தீங்கல்ல?"

"எனக்கு பேச பர்மிசன் இல்ல சார்" என்றார் அங்கிள். அழுதுவிடுவார் போலிருந்தது.

ரெனிதாவின் பள்ளி இரண்டு புள்ளியில் ஜெயித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் கடைசி சீட்டில் இருந்தோம். பஸ் மதுரவாயல் தாண்டியது. ரெனிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசி பாஸ்கெட்... ரெண்டு ஸ்டெப்தானே வச்சேன்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். "மேட்ச் முட்ஞ்சிபோச்சே. இப்ப பேசலாமா?"

படிவத்தில் பஸ்ஸைப் பற்றி எதுவும் இல்லை என்றேன்.

"நாலு" என்றார்.

"மூணுப்பா."

"நாலும்மா. எடது, வலது, எடது, வலது. வலது கால் கட்டவிரல் கோட்டு மேல."

ரெனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போனது. அங்கிள் என்னைப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்பது போல உதட்டைப் பிதுக்கினார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த சனிக்கெழம வெள்ளானூர்ல" என்றாள் ரெனிதா, ஜன்னலிலிருந்து திரும்பாமல். "ஒம்பது மணிக்கு. என் காலையே பாத்துகினு உக்காரு."

"அன்னிக்கி எனக்கு மார்னிங் ஷிப்ட்டும்மா."

"மாத்திக்கோ."